விலைச்சீட்டு

பெரிய வாய்க்காலைத் தாண்டி மூன்றாவது சந்தில் கடை.
வாசல் பலகையில் முன்பு 'நியாய விலை' என்று இருந்தது.
பாமாயில் வந்துவிட்டதா என்று
பையும் கார்டுமாக ஆட்கள் வர,
பலகையை மாற்றினோம்.

என் வேலை விலை எழுதுவது.
பழுப்பு அட்டை, ஒரு துளை, சணல் நூல்.
முன்பக்கம் தொகை.
பின்பக்கம்
முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி.
'இந்தப் பெட்டியை நீங்கள் வாங்கினால்
யோகா பள்ளிக்குப் போவாள்.'

யோகலட்சுமி என்று முழுதாக எழுத
அட்டையில் இடமில்லை.
வகுப்பு காலையா மாலையா என்று
விசாரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

செவ்வாய்தோறும் அவள் அம்மா வருவாள், அஞ்சலாட்சி,
கடலூர் பஸ்ஸில், மடியில் ஒரு சாக்கு, காலடியில் ஒரு சாக்கு.
ஏழு வீட்டுப் பெட்டிகள், நாற்பது.
பனையோலை. மூடியை அழுத்தினால்
'ப்பு' என்று ஒரு மூச்சு விட வேண்டும்.
மூச்சு வராததை, நான் கழிக்குமுன்
தானே எடுத்துக் காலடியில் ஒதுக்கிவிடுவாள்.

திரும்பும்போது முள்ளோடையில்
காலிச் சாக்கைத் தட்டிப் பார்ப்பார்கள்,
பாட்டில் இருக்குமோ என்று.
"ஓலைத் தூசிதான் சார், தும்மல் வரும்" என்பாளாம்.

மே மாதம் அவளுக்குக் காய்ச்சல்.
சாக்கைத் தூக்கிவந்தது யோகலட்சுமி.
பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல்.
பெட்டியை எண்ணிவைத்தாள்.
அட்டையைத் திருப்பினாள்.

"பல்லு மொளச்சு ஒம்போது வருசம் ஆவுதுக்கா."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
பள்ளியில் ஒரு டீச்சர் இந்தப் பெட்டி வாங்கினாராம்.
அட்டையை வகுப்பில் வாசித்துக் காட்டினாராம்.
எல்லாரும் கை தட்டினார்களாம்.

பிறகு, கணக்கைக் காட்டுங்கள் என்றாள்.
காட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது:
ஓலை நாற்பது, சாயம் இருபத்தைந்து, பஸ் பதினைந்து,
முடைய ஆறு மணி நேரம், இருநூற்று நாற்பது,
கடைக்கு நூறு, பள்ளிக்கு அறுபது.
ஆக நானூற்று எண்பது.

"வகுர்றது?"

எது?

"ஓலைய வகுர்றது. ஈர்க்கு எடுக்கறது. சாயம் காய்ச்சறது.
காயப் போட்டா மாடு வரும், மழை வரும்,
அம்மா அங்கியேதான் குந்தியிருக்கும்.
ஒரு பொட்டிக்கு ரெண்டரை மணி நேரம்.
இதுல எங்க இருக்கு?"

எங்கும் இல்லை.
ஒன்பது வருடமாக நான்தான் கூட்டினேன்,
ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது.

அவள் பென்சிலால் எழுதினாள்: ஐநூற்று எண்பது.
படத்தை எடுத்துடுங்க, என்றாள்.
படம் இல்லாத பெட்டி
நவராத்திரி வரை அலமாரியில் நிற்கும், என்றேன்.
உண்மையைத்தான் சொன்னேன்.
"அதையும் கணக்குல எழுதுங்க."

புது அட்டையில் படம் இல்லை.
அஞ்சலாட்சி. எட்டரை மணி நேரம். அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்
முன்னும் பின்னும் திருப்பித் தேடினாள்.
போன தடவை ஒரு குழந்தை இருந்ததே?
வளர்ந்துவிட்டாள், என்றேன்.
மூடியை அழுத்தினாள். ப்பு.
இன்னொரு முறை.
அவள் கணவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.
அந்த வாரம் பதினொன்று விற்றது.
அதற்கு முந்தின வாரம் இருபத்தாறு.
அலமாரியைப் பார்க்காமல்
இந்த இரண்டு எண்ணையும் எழுதிவைத்திருக்கிறேன்.

மீந்த பழைய அட்டைகளை
யோகலட்சுமியே சாக்கில் கட்டி எடுத்துப்போனாள்.
முள்ளோடையில் சாக்குக்குள் கையை விட்டவர்
ஒரு பிடி அள்ளினாராம்:
அத்தனையிலும் அதே பொக்கைச் சிரிப்பு.
அட்டையைப் பார்த்தார். இவளைப் பார்த்தார்.
யாரும்மா இது?

தெரியல சார், என்றாளாம்.